ஜெர்மனியில் போய் இருந்தால் ஜெர்மன் தானாக வந்துவிடுமா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள வேலந்தாவளத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கோயம்புத்தூரில் இயந்திரவியல் முடித்த மகளுக்கு ஜெர்மனியில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் சேர வேண்டும், இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. பாடங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். மகள் இங்கேயே ஜெர்மன் படித்து ஏ2 தேர்வில் தேறியிருக்கிறார் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடக்கநிலை, அதற்கு மேல் ஏ2, பி1, பி2 என்று படிகள் ஏறும்). அடுத்து பி1 வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கையில், விண்ணப்ப வேலைகளைக் கவனிக்கும் நிறுவனத்தார், "அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள், அங்கே போய் ஆறு மாதம் இருந்தால் மொழி தானாக வந்துவிடும்" என்று சொல்கிறார்களாம். நம்பலாமா என்பது அவர் கேள்வி. வகுப்புக் கட்டணத்தைப் பற்றிய கேள்வியாக அது வந்திருந்தாலும், ஒரு நாட்டில் போய் வாழ்வது அந்நாட்டு மொழியைக் கற்றுத் தருமா, தருமென்றால் மொழியின் எந்தப் பகுதியை, எப்படிப்பட்டவருக்குத் தரும் என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பயன்பாட்டு மொழியியல் படித்தவன். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசித்துக்கொண்டு, கோயம்புத்தூரில் பல ஆண்டுகளாக ஜெர்மன் கற்பித்து வருகிறேன். என் மாணவர்களில் பலர் அங்கே போய்ப் படித்தவர்கள். அவர்களுடைய மொழி எப்படி மாறியது என்பதைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன்.

ஐயா, அயல்மொழி படிக்கும் மாணவர்கள் அம்மொழி வழங்கும் நாட்டில் தங்கிப் படிப்பதால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல் 1967இல் வெளியிட்ட ஆய்வில், இருநூறு கல்லூரிகள் அளவில், அயல்மொழியை முதன்மைப் பாடமாகப் படித்த இறுதியாண்டு மாணவர்களைச் சோதித்துப் பார்த்தார். ஓராண்டு வெளிநாட்டில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தார்கள். ஒரு கோடை விடுமுறைக்கு மட்டும் போய் வந்தவர்களிடம்கூட அந்தப் பயன் தெரிந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பொதுவான முடிவை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் முதலாண்டில் 3,244 மாணவர்களை அனுப்பியது. பின்னர் அது லட்சக்கணக்கானோர் பயன்பெறும் திட்டமாக வளர்ந்ததற்குப் பின்னாலும் இந்த நம்பிக்கை உண்டு. ஆகவே "அங்கே போனால் மொழி வளரும்" என்ற பாதி சரி. "தானாக" என்ற மறுபாதிக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டுமல்லாமல், அதற்கு எதிரான ஆதாரம் நிறையவே இருக்கிறது.

எது வளர்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். மிகத் தெளிவாக வளர்வது பேச்சின் சரளம். பார்பரா ஃபிரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிரான்சில் ஒரு பருவம் படித்தவர்களையும் உள்ளூர்க் கல்லூரியிலேயே பிரெஞ்சு படித்தவர்களையும் ஒப்பிட்டு 1995இல் எழுதியபோது, போய் வந்தவர்கள் வேகமாகப் பேசுவதையும், அடுத்தடுத்துத் தட்டுத்தடுமாறி நிற்கும் இடங்கள் குறைந்திருப்பதையும் கண்டார். 2004இல் நார்மன் செகலோவிட்ஸுடன் சேர்ந்து, ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் படித்த அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே திசையில் முடிவு கிடைத்தது. சரளம் என்பது வேகம் மாத்திரம் அன்று. சொல்ல நினைத்ததற்கும் வாயிலிருந்து சொல் வெளிவருவதற்கும் இடையில் மனத்துக்குள் நடக்கும் தேடல் குறைகிறது. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக் கோக்காமல், பழகிய தொடர்களாக எடுத்து வைக்க முடிகிறது. வகுப்பறையில் வாரம் சில மணி நேரம் பேசுகிறவருக்கு இது எளிதில் அமையாது. பேருந்து நிறுத்தத்திலும் மருந்துக் கடையிலும் வாடகை வீட்டிலும் ஒரே வகைப் பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவதால்தான் அமைகிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் இதனோடு சேர்ந்தே ஏறும். சொல்வளமும் வளரும், குறைந்த சொற்களோடு போகிறவர்களிடம் அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். வெளிநாட்டில் தங்குவது உச்சரிப்பில் பெரிய மாற்றத்தைத் தருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, மக்கள் நடைமுறையில் மொழியைக் கையாளும் விதம். அயர்லாந்து மாணவர்கள் பிரான்சில் ஓராண்டு இருந்து திரும்பியபின் அவர்கள் பேசிய பிரெஞ்சை வேரா ரீகன் ஆராய்ந்தார். எதிர்மறை வாக்கியத்தில் எழுதும்போது இருந்தாக வேண்டிய ஒரு சிறு இடைச்சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மாணவர்களும் அதை விடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள், சில இடங்களில் அந்நாட்டவரைவிட அதிகமாகவே விட்டார்கள். எந்தப் பாடநூலும் இதைப் பயிற்சியாகத் தந்திருக்காது. நம் எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு சித்தூர்ச் சந்தையிலும் கேரள அரசுப் பேருந்திலும் மலையாளம் பழகிய பிள்ளைக்கு, தமிழில் மரியாதையாக இருக்கிற முன்னிலைப் பன்மையை மலையாளத்தில் ஒரு பெரியவரிடம் அப்படியே போட்டால் அது மரியாதைக் குறைவாகப் படும் என்பது, யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கும். ஆனால் அதே பிள்ளையிடம் கிராம அலுவலகத்துக்கு மலையாளத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னால், பள்ளியில் மலையாளம் எழுதிப் பழகியிராதவர்களின் கை நின்றுவிடும். பிறந்ததிலிருந்து அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கே, அதுவும் தமிழுக்கு இத்தனை நெருங்கிய மொழியிலேயே, பேச்சு தந்ததை எழுத்துக்குக் கொண்டுபோக முடிவதில்லை என்றால், ஜெர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வாழ்வதால் மட்டும் வளராதவையும் உண்டு. ஜோசஃப் காலென்டைன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பெயினில் படித்த மாணவர்களையும் அமெரிக்காவிலேயே வகுப்பில் படித்த மாணவர்களையும் ஒப்பிட்டபோது, தனித்தனி இலக்கணக் கூறுகளில் வகுப்பறை மாணவர்களே முன்னேறியிருந்தார்கள். கதை சொல்வதிலும், குறைந்த நேரத்தில் அதிகப் பொருளைத் திணித்துச் சொல்வதிலும் ஸ்பெயினுக்குப் போனவர்கள் முந்தியிருந்தார்கள். பிரித்தானியாவில் பால் மேரா 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு வெளிநாட்டில் இருந்து திரும்பிய மாணவர்கள் தங்கள் பேச்சும் கேட்புத் திறனும் உயர்ந்ததாகச் சொன்னார்களே தவிர, வாசிப்பும் எழுத்தும் அதே அளவுக்கு உயர்ந்ததாகச் சொல்லவில்லை. இது மாணவர்களே தங்களைப் பற்றித் தந்த மதிப்பீடு என்பதால் அதற்குரிய எடையை மட்டும் தர வேண்டும். எழுத்தும் உயர்வதைக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. ஆனால் அவற்றில் வரும் மாணவர்கள் பலர் போவதற்கு முன்பே நல்ல நிலையில் இருந்தவர்கள், அங்கே அந்த மொழியிலேயே பாடம் படித்துக் கட்டுரை எழுதியவர்கள்.

இலக்கணம் ஏன் தானாக வருவதில்லை என்பதற்குக் காரணம் எளியது. ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால், நான்கு வேற்றுமை. அவற்றுக்கேற்பப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டும் பெயரடையும் வடிவம் மாறும். ரொட்டிக் கடையில் உங்கள் மகள் இவற்றையெல்லாம் தவறாகச் சொன்னாலும் ரொட்டி கிடைத்துவிடும். கடைக்காரர் திருத்தமாட்டார், திருத்துவது அநாகரிகம் என்று அவர் நினைப்பார். தவறாகச் சொன்னாலும் காரியம் நடந்துகொண்டே இருந்தால், மனத்துக்கு அதைச் சரிசெய்யும் அவசியம் எழுவதில்லை. சில மாதங்களில் அந்தத் தவறான வடிவமே சரளமாகிவிடுகிறது. சரளமாகிவிட்ட தவறைப் பிறகு அகற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். அங்கே இரண்டாண்டு இருந்துவிட்டு, வேலைக்காக பி2 தேர்வு எழுத வேண்டி என்னிடம் இணையவழியில் வந்து சேர்ந்த மாணவர்களிடம் நான் பார்த்த மிகப் பெரிய தடை இதுதான். அவர்கள் பேசுவதைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னால் ஏ2 நிலையின் பிழைகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இந்தத் துறையில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், ஃபிரீட், செகலோவிட்ஸ், டான் டூயி மூவரும் 2004இல் வெளியிட்டதைச் சொல்வேன். பிரெஞ்சு படிக்கும் அமெரிக்க மாணவர்களை மூன்று குழுக்களாக அவர்கள் பார்த்தார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. இன்னொன்று ஒரு பருவம் பிரான்சில் படித்தது. மூன்றாவது குழு அமெரிக்காவை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் பிரெஞ்சு மட்டுமே பேசுவோம் என்று உறுதி ஏற்று, சில வாரங்கள் தங்கிப் படிக்கும் ஒரு கோடைக்காலத் தீவிரப் பயிற்சியில் இருந்தது. சரளத்தில் மிக அதிகமாக முன்னேறியது இந்த மூன்றாவது குழு. பிரான்சுக்குப் போனவர்கள் வழக்கமான வகுப்பில் இருந்தவர்களைவிட முன்னேறினார்கள், ஆனால் தீவிரப் பயிற்சிக் குழுவை எட்டவில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மொழியில் கழிகிறது என்று கேட்டபோது காரணம் வெளிப்பட்டது: தீவிரப் பயிற்சியில் இருந்தவர்கள் மற்ற இரு குழுவினரையும்விட மிக அதிக நேரம் பிரெஞ்சில் பேசியும் எழுதியும் வந்தார்கள், பிரான்சில் இருந்தவர்களோ வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். வகுப்புக்கு வெளியே எழுதுவதில் செலவிட்ட நேரத்துக்கும் பேச்சுச் சரளத்தின் முன்னேற்றத்துக்கும் தொடர்பு தென்பட்டது என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். மூன்று குழுவையும் சேர்த்தாலும் முப்பது பேர் தேறாத சிறிய ஆய்வு இது. அதனால் இதன் எண்களை எல்லா மாணவர்களுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் மொழியை வளர்ப்பது இருக்கும் ஊரைவிட அந்த மொழியில் கழியும் மணி நேரமே என்ற அதன் அடிப்படைக் கருத்தை, அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் என் அனுபவமும் தொடர்ந்து ஆதரிக்கின்றன.

இப்போது உங்கள் மகளின் நிலையைப் பார்ப்போம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் 49,483 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியரே மிகப் பெரிய குழு. ஆங்கிலவழி முதுகலை வகுப்பில் சேர்கிறவருக்குப் பாடம் ஆங்கிலம், ஆய்வுக்கூடம் ஆங்கிலம், உடன் படிக்கும் சீனர், ஈரானியர், துருக்கியரோடு பேசுவதும் ஆங்கிலம். விடுதியின் பொதுச் சமையலறையில் தமிழோ தெலுங்கோ மலையாளமோ பேச ஆள் கிடைத்துவிடும். ஜேம்ஸ் கோல்மன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், வெளிநாட்டில் படிக்கும் மாணவரின் நட்பு வட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக விரிவதாகச் சொல்வார்: உள்வட்டத்தில் சொந்த நாட்டவர், அடுத்து மற்ற வெளிநாட்டு மாணவர், மிக வெளியே உள்ளூர்க்காரர். உள்ளூர் வட்டத்தை எட்டுவதற்குள் பலருக்குப் படிப்பே முடிந்துவிடுகிறது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே வீட்டில் தங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். முதல் குளிர்காலத்தில் அந்தத் துணை உண்மையிலேயே தேவை. ஆனால் அந்த வாழ்க்கையில் ஜெர்மன் நுழைவதற்கு இயல்பான வாசல் எதுவும் இல்லை என்பதை மறந்துவிட்டு, ஆறு மாதத்தில் மொழி வந்துவிடும் என்று சொல்வது சரியில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் வழியாக "டிரிபிள் வின்" திட்டத்தில் ஜெர்மனிக்குச் செல்லும் செவிலியர்கள் இங்கே பி1 வரை படித்துவிட்டுப் போகிறார்கள். பி2 பயிற்சியை அங்கே தொடர்கிறார்கள். அங்கே போன முதல் வாரத்திலிருந்து நோயாளியின் வலியைக் கேட்பதும், பணி மாறும்போது அடுத்தவருக்கு விவரம் சொல்வதும், பதிவேட்டில் எழுதுவதும் ஜெர்மனில்தான். தவறாக எழுதினால் நோயாளிக்கு ஆபத்து என்பதால் உடன் பணிபுரிவோர் திருத்துவார்கள். அதே நகரத்தில் அதே காலம் வாழ்ந்த ஒரு செவிலியரையும் ஆங்கிலவழி முதுகலை மாணவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஜெர்மனில் செவிலியர் வெகுதூரம் முன்னே இருப்பதைத்தான் நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். இது முறையான ஆய்வின் முடிவு அல்ல, என் கவனிப்பு மட்டுமே. இருந்தாலும் மேலே சொன்ன ஆய்வு சொல்வதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

போகும்போது கையில் கொண்டுபோகும் மொழியறிவு எவ்வளவு முக்கியம் என்பது அடுத்தது. ரஷ்யாவில் தங்கி ரஷ்ய மொழி படித்த 600க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் தரவை வைத்து ரிச்சர்ட் பிரெக்ட், டான் டேவிட்சன், ரால்ஃப் கின்ஸ்பர்க் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அளவால் பெரியவற்றுள் ஒன்று. புறப்படுவதற்கு முன் இலக்கணத்திலும் வாசிப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தவர்கள் அங்கே அதிகம் முன்னேறினார்கள் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. பேச்சைத்தானே அங்கே கற்கப் போகிறோம், இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். ராபர்ட் டெகெய்சர் அர்ஜென்டினாவுக்குச் சென்ற மாணவர்களைக் கவனித்து 2010இல் எழுதியதும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது: இலக்கணத்தைப் புத்தகத்தில் படித்திருந்தும் பேசும்போது எடுத்தாளும் அளவுக்குப் பழகாமல் போனவர்களுக்கு, அங்கே கிடைக்கும் வாய்ப்பு பயிற்சியாக மாறுவதில்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறிச் சோர்ந்து, பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வு நடத்தும் கெட்டே நிறுவனத்தின் சொற்பட்டியலைப் பார்த்தால் ஏ2க்கு ஏறத்தாழ 1,300 சொற்கள், பி1க்கு ஏறத்தாழ 2,400. 1,300 சொல்லோடு ஒருவர் கேள்வி கேட்கலாம். வரும் பதிலைப் புரிந்துகொண்டு இரண்டாவது கேள்வி கேட்பது கடினம். அந்த இடத்தில் எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பி1 நிலையில்தான் உரையாடல் அறுபடாமல் நீளத் தொடங்குகிறது என்பது என் அனுபவம். குறிப்பிட்ட ஒரு நிலையைத் தாண்டினால்தான் பயன் என்று கோடு கிழித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒருமித்துப் போகவில்லை. தொடக்கநிலை மாணவர்களும் முன்னேறுகிறார்கள், சில அளவைகளில் வேகமாகவே முன்னேறுகிறார்கள். தாழ்ந்த படியில் நிற்பவருக்கு ஒரு படி ஏறுவது எளிது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐயத்துக்குரியவை வேறு சிலவும் உண்டு. குடும்பத்தோடு தங்கினால் மொழி வேகமாக வரும் என்பது எல்லோரும் நம்புவது. ஆனால் ரஷ்யாவில் தங்கிய மாணவர்களைப் பற்றி வில்லியம் ரிவர்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்களோடு தங்கியவர்கள் வாசிப்பில் முந்தினார்களே தவிர, பேச்சில் விடுதி மாணவர்களைவிட முன்னேறவில்லை. ஒரே வீட்டில் இருந்தும், சாப்பாட்டு நேரத்து நான்கு வாக்கியங்களோடு பேச்சு முடிந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். நான் மேலே சொன்ன 600 பேர் ஆய்வில், பேச்சுத் திறனில் ஆண்கள் பெண்களைவிட அதிகம் முன்னேறியதாகவும் ஒரு முடிவு உண்டு. மகளை அனுப்பும் தந்தை இதை வேறெங்காவது படித்துக் கவலைப்பட நேரலாம் என்பதால் சொல்கிறேன்: அது பெண்களின் கற்கும் திறனைப் பற்றிய முடிவு அன்று. அம்மாணவியரின் குறிப்பேடுகளைப் படித்த லிவியா பொலானி, பேச்சு தொடங்கிய இடங்களிலெல்லாம் ஆண்களின் தொந்தரவைச் சமாளிப்பதிலேயே அவர்களுடைய உரையாடல்கள் முடிந்துபோனதைக் காட்டினார். வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த ஆண் பெண் வேறுபாடு ஒரே மாதிரியாகத் திரும்பவும் இல்லை. என் மாணவியர் பலர் மாணவர்களைவிட நன்றாகவே கற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. யார் வெளிநாடு போவது, யார் இங்கே இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய முடியாது. ஆர்வமும் வசதியும் உள்ளவர்களே போகிறார்கள். எனவே போனவர்கள் மேலே இருப்பதில் எவ்வளவு அந்த நாட்டின் பயன், எவ்வளவு அவர்களுக்கு முன்பே இருந்த ஊக்கம் என்று முழுதாகப் பிரித்துப் பார்க்க இயலாது. இன்னொன்று, ஆராயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்க, பிரித்தானிய மாணவர்கள். நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகள் அப்படியல்ல. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்றோடு வளர்ந்தவர்கள். ஜெர்மன் அவர்களுக்கு நான்காவது மொழி. ரஷ்யாவைப் பற்றிய அந்தப் பெரிய ஆய்வில், ஏற்கெனவே வேறோர் அயல்மொழி அறிந்திருந்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள் என்ற முடிவும் இருக்கிறது. அது உங்கள் மகளுக்குச் சாதகம் என்று நம்ப இடமுண்டு. ஜெர்மனின் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் போய் நிற்பதும், வேற்றுமை என்ற கருத்தும் ஆங்கிலேய மாணவரைத் திகைக்க வைக்கும் அளவுக்குத் தமிழரைத் திகைக்க வைப்பதில்லை என்பதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பி1 வகுப்பில் சேருங்கள். பட்டப் படிப்பு ஆங்கிலவழி என்பதால் பல்கலைக்கழகம் அந்தச் சான்றிதழைக் கேட்காமல் போகலாம். ஆனாலும் அந்த அறிவு தேவை. இங்கும் அங்கும் இரண்டு இடத்திலும் வகுப்புக்குக் கட்டணம் கட்டப் பணம் போதாது, ஓரிடத்தில்தான் கட்ட முடியும் என்றால், பி1ஐ இங்கே முடித்துவிட்டு அதற்கு மேற்பட்டதை அங்கே படிப்பதே சிக்கனம். பல பல்கலைக்கழகங்களின் மொழி மையங்கள் தங்கள் மாணவர்களுக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ வகுப்பு நடத்துகின்றன, நகரங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் மக்கள் கல்விக்கூடங்களிலும் கட்டணம் குறைவு. மொழி மைய வகுப்புகளில் இடம் விரைவில் நிரம்பிவிடும். பதிவு திறக்கும் நாளை மகள் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போனபின், மொழிக்குள் நுழைய வாசல் இல்லாத வாழ்க்கையில் ஒரு வாசலைத் தாமே திறந்துகொள்ள வேண்டும். ஜெர்மானியர் இருக்கும் பகிர்வு வீட்டில் ஓர் அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் விளையாட்டுச் சங்கம், பாடகர் குழு போன்ற உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் சேர்ந்து வாரந்தோறும் போகலாம். அங்கே அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதால் பேச்சு வணக்கத்தோடு நிற்காது. பகுதிநேர வேலைக்கு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. படிப்பு இடம் கொடுத்தால், அதில் ஒரு பகுதியையாவது வாடிக்கையாளரோடு பேச வேண்டிய கடை வேலையில் செலவிடலாம். எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால், தாம் ஜெர்மன் கற்றுக்கொண்டிருப்பதாகப் பணிவாகச் சொல்லி ஜெர்மனிலேயே தொடர வேண்டும்; பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துழைப்பார்கள். முனிச்சிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இடம் கிடைத்திருந்தால், கடைத்தெருவில் கேட்கும் பேச்சு வட்டார வழக்காக இருக்கும், பாடநூல் ஜெர்மனாக இருக்காது. முதல் சில வாரங்கள் புரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாரம் ஒரு பக்கமாவது எழுதி, அதைத் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். பேச்சில் யாரும் திருத்தாத பிழைகள் எழுத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டாரோடு தினமும் தொலைபேசியில் தமிழில் பேசுவது மொழியைக் கெடுக்குமா என்று பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அதற்காக மகளோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரத் தமிழ் எந்த மொழியையும் தடுக்காது. மீதி நேரம் எந்த மொழியில் கழிகிறது என்பதுதான் கணக்கு.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கெட்டே நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஏ2ஐ எட்ட 45 நிமிடப் பாட அலகுகள் 200 முதல் 350 வரையும், பி1ஐ எட்ட 350 முதல் 650 வரையும் தேவை. அதாவது உங்கள் மகள் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் 150 முதல் 300 அலகுகள். வாரம் பத்து மணி நேரம் என்று வைத்தால் ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 200 மணி நேரம், 260 அலகுகளுக்குச் சற்று மேல் வருகிறது; வீட்டில் படிப்பதையும் சேர்த்தால் போதுமானது. ஆனால் கடைசி மாதத்தை விசாவும் பெட்டி கட்டுவதும் உறவினர் வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளப் போவதும் எடுத்துக்கொள்ளும். எனவே வகுப்பை இந்த மாதமே தொடங்கி, தேர்வுக்கு ஆகஸ்ட் இறுதிக்குள் ஒரு தேதியை இப்போதே பதிவு செய்துவிடுவது நல்லது.